டிசி வாங்க வேண்டாம்: பள்ளிக்குப் போக முடியாத பிள்ளையின் படிப்புக்கு என்ன செய்யலாம்

ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்லும் நாளில் யாருக்கும் படிப்பு ஞாபகத்துக்கு வராது. எங்களுக்கும் வரவில்லை. மகள் நான்காம் வகுப்பு, ரத்தப் புற்றுநோய், வீடு குடியாத்தத்தில், வைத்தியம் வேலூரில். முதல் மாதம் என்ன கிழமை என்றுகூடத் தெரியாமல் ஓடியது. ஐந்தாவது வாரம் பள்ளியிலிருந்து போன். "ஏம்மா, எப்ப வருவான்னு தெரியாத புள்ளைக்கு எத்தினி நாள் ஆப்சென்ட் போடறது? டிசி வாங்கிக்குங்க, நல்லானதும் கூட்டிட்டு வாங்க, சேத்துக்கறோம்." கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. நானும் சரியென்று கையெழுத்துப் போடக் கிளம்பியிருப்பேன். பக்கத்துப் படுக்கைப் பையனின் அம்மா, ஆம்பூர்க்காரர், "வாங்கிடாதீங்கக்கா, நான் வாங்கிட்டு இப்ப அல்லாடறேன்" என்றார். அதனால் தப்பித்தோம்.

இப்போது அவள் ஒன்பதாவது. இந்த ஐந்து வருடத்தில் எங்கள் பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு இதே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் போனில் சொல்லியிருக்கிறேன். அதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். புற்றுநோய் என்றில்லை, டயாலிசிஸ், தலசீமியா, இதய ஆபரேஷன், நீண்ட நாள் காசநோய், பெரிய எலும்பு முறிவு, எதுவானாலும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை, பெயர்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 6 வயதிலிருந்து 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும்வரை, சேர்ந்த பிள்ளையைப் பள்ளி வெளியேற்ற முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் இதுதான் சட்டம். ஆனால் பெற்றோர் தானாகவே எழுதிக்கொடுத்து டிசி வாங்கினால் அது வெளியேற்றம் ஆகாது, நீங்களே விலகியதாகிவிடும். சிக்கல் இங்கேதான். பள்ளி அனுப்பாது, நம்மைக் கேட்க வைக்கும். அதனால் யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் "நீண்ட மருத்துவ விடுப்பு" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். 25 சதவீத இட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளையானால் இன்னும் கவனம் வேண்டும், டிசி வாங்கினால் அந்த இடம் போய்விடும்.

நம் மாநிலத்தில் எட்டாவது வரை கட்டாயத் தேர்ச்சி இருக்கிறது. ஆகையால் நான்காவது படிக்கும் பிள்ளை ஒரு வருடம் படுத்த படுக்கையாக இருந்தாலும் ஐந்தாவதுக்குப் போகும். இதைச் சொன்னால் "படிக்காமலே மேலே போனா என்ன பிரயோஜனம்" என்று சிலர் கேட்கிறார்கள். பிரயோஜனம் உண்டு: தன் வயதுப் பிள்ளைகளோடு உட்காரலாம். நோய் முடிந்து வந்த பிள்ளைக்கு மூன்று வயது சின்னவர்களோடு உட்காரும் கூச்சமும் சேர்ந்தால் பள்ளியே வேண்டாம் என்று சொல்லிவிடும். விட்டுப்போன பாடத்தைப் பிறகு பிடிக்கலாம்.

இன்னொன்று, எமிஸ் எண். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் இருக்கும், வகுப்பாசிரியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் வராத பிள்ளையின் பெயரைக் கணினியில் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலுக்கு, தள்ளிவிட்டால் இடைநின்றவர் கணக்கில் காட்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நேரில் போய், புதிய வகுப்புப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். பத்து நிமிட வேலை.

டாக்டரிடம் என்ன எழுதி வாங்குவது

நாங்கள் முதலில் வாங்கிய சான்றிதழில் "ஓய்வு தேவை" என்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் ஓய்வு என்றால் படிக்கவே கூடாது என்று பள்ளியில் புரிந்துகொண்டு புத்தகம்கூடக் கொடுக்கவில்லை. நமக்கு வேண்டியது நான்கு விஷயம்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை சிகிச்சை நடக்கலாம், ஏன் பள்ளிக்கு வரக்கூடாது (தொற்று பயமா, நடக்க முடியாததா, அடிக்கடி அட்மிஷனா), வீட்டில் படிக்கலாம் என்ற ஒரு வரி, கையெழுத்துப் போடவோ எழுதவோ சிரமம் இருந்தால் அதையும் ஒரு வரி. ஓ.பி.யில் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து நிமிடத்தில் இதெல்லாம் மறந்துபோகும், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். எங்கள் டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தார். ஐந்து நகல் எடுத்து வையுங்கள், ஒரிஜினலை எங்கேயும் கொடுக்காதீர்கள்.

அதோடு தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். நீளம் வேண்டாம். "என் மகள் இன்ன வகுப்பு, இன்ன பிரிவு, எமிஸ் எண் இது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். பெயரைப் பதிவேட்டில் தொடரவும், மூன்று பருவப் புத்தகங்களும் நோட்டுகளும் வழங்கவும், வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை பாட விவரம் தெரிவிக்கவும், தேர்வை வீட்டிலோ வாய்மொழியாகவோ எழுத அனுமதிக்கவும் வேண்டுகிறேன்." அவ்வளவுதான். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை போடாமல் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார்களா?

எல்லோருக்கும் வரமாட்டார்கள், சிலருக்கு வருவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் செய்தார்கள். கடுமையான ஊனமோ ஒன்றுக்கு மேற்பட்ட ஊனமோ உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்பது அது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும், நாம் பி.ஆர்.சி. என்று சொல்லுகிறோமே, அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பிள்ளையின் பெயர் பக்கத்து அரசுப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், அவர்கள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பார்கள். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் வரும் நாளில் என்ன செய்கிறார்கள் என்று கூடவே உட்கார்ந்து பார்த்து, மீதி நாட்களில் நாம் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் 21 வகைகள் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல், தசைச் சிதைவு, மூளை முடக்குவாதம் எல்லாம் அதில் வரும். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் அந்தப் பட்டியலில் கிடையாது. பட்டியலில் உள்ள நோயானால் முதலில் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று கிடைத்தால் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு, பொதுத்தேர்வுச் சலுகைக்கும் அந்த அட்டைதான் முதல் ஆதாரம். பட்டியலில் இல்லாவிட்டாலும் பி.ஆர்.சி.யில் போய்க் கேட்பதில் தவறில்லை. எங்களுக்கு அங்கே வீட்டுப் பயிற்சி கிடைக்கவில்லை, ஆனால் அங்கிருந்த ஒரு டீச்சர், பிஞ்சு விரல்களுக்குப் பிடிப்பு வர மாவு பிசையச் சொல்லுங்கள் என்று சொன்னது பிறகு ரொம்ப உதவியது.

எங்கே போவது என்பதிலும் கவனம். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது தெரிந்ததுதான், ஆனால் பழக்கத்தில் எல்லோரும் வேலூருக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்துக்காரர்கள் ராணிப்பேட்டை முதன்மைக் கல்வி அலுவலரையும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக்காரர்கள் திருப்பத்தூர் அலுவலரையும் பார்க்க வேண்டும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு வேலூரிலேயே. சிகிச்சை எங்கே நடக்கிறது என்பது கணக்கில்லை, பள்ளி எந்த மாவட்டத்தில் என்பதே கணக்கு. தலைமையாசிரியர் ஒத்துவராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். வேலூருக்கு அது சத்துவாச்சாரியில். 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணிலும் கேட்கலாம். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. முத்திரை போட்ட நகலைக் காட்டியதுமே பேச்சு மாறிவிட்டது.

படிக்க வைப்பது: உடம்பைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்

இதுதான் கஷ்டமான பகுதி. நான் முதல் மாதம் செய்த தப்பு, பள்ளி டைம்டேபிளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தது. காலை ஒன்பதரைக்குத் தமிழ், பத்தேகாலுக்கு இங்கிலீஷ். மூன்றாம் நாளே அவள் அழ, நான் கத்த, அவள் அப்பா இரண்டு பேரையும் திட்ட, புத்தகம் பரண்மேல் போய்விட்டது.

அப்புறம் ஒரு காலண்டர் எடுத்து, தினமும் எப்படி இருந்தாள் என்று ஒரே வார்த்தை எழுதினேன். வாந்தி. தூக்கம். பசி. கோபம். நல்லா இருந்தாள். ஆறு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. கீமோ போட்ட முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் ஓடாது. ஸ்டீராய்டு வாரத்தில் பசியும் எரிச்சலும், நடு ராத்திரி இட்லி கேட்பாள், பென்சிலைத் தூக்கி எறிவாள். ஒரு வாரம் பத்து நாளில் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கும், சோர்ந்து கிடப்பாள். அடுத்த கீமோவுக்கு முன்னால் நான்கைந்து நல்ல நாள் கிடைக்கும். அந்த நான்கைந்து நாளைக் குறிவைத்தோம். புதுப் பாடம் அப்போது மட்டும், ஒரு நேரத்துக்கு இருபது நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. மற்ற நாளில் கதை கேட்பது, சும்மா படம் பார்ப்பது, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத நாளுக்காக வருத்தப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்ள எனக்குத்தான் நாளானது.

உங்கள் பிள்ளையின் ஒழுங்கு வேறாக இருக்கும். டயாலிசிஸ் வாரம் மூன்று நாள் என்றால் நடுவில் இருக்கும் நாட்கள்தான் பள்ளி. தலசீமியா பிள்ளைகளுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவார்கள், ஏற்றுவதற்கு முந்தைய நாட்களில் சோர்வாகவும் ஏற்றிய பிறகு தெம்பாகவும் இருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளை தினமும் பள்ளிக்கே போகலாம், ஏற்றும் நாளுக்கு மட்டும் விடுப்பு போதும். வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாப் பாடத்தையும் ஓட்ட முடியாது, தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். என் கருத்து: கணக்கு, தமிழ் வாசிப்பு, இங்கிலீஷ் வாசிப்பு, இந்த மூன்றை விடாதீர்கள். கணக்கு படிக்கட்டு மாதிரி, வகுத்தல் தெரியாமல் பின்னம் வராது, பின்னம் தெரியாமல் ஆறாம் வகுப்புக் கணக்கு எதுவும் வராது. சமூக அறிவியலும் சூழ்நிலையியலும் அப்படியில்லை, சோழர்களைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் சோழர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். எழுத்து வேலையைக் குறையுங்கள். வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து போடும் பிள்ளைகளுக்கு விரல் நரம்பு பலவீனமாகும், பட்டன் போடவே சிரமப்படுவார்கள், அப்போது கையெழுத்து அசிங்கமாக இருக்கிறது என்று திட்டினால் அது அவர்கள் தப்பில்லை. வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ஊசி ஏற்ற கை பார்க்கும்போது, "இவள் வலது கைக்காரி, இடது கையில் போடுங்கள் சிஸ்டர்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிந்தவரை கேட்பார்கள்.

ஆஸ்பத்திரிப் பைக்குள் நாங்கள் வைத்திருந்தது: பரீட்சை அட்டை ஒன்று, பென்சில் மட்டும் (பேனா மை படுக்கை விரிப்பில் பட்டால் பேச்சு வாங்க வேண்டும்), இயர்போன், புத்தகத்திலிருந்து பாடம் பாடமாகப் பிரித்து ஸ்டேப்ளர் அடித்த மெல்லிய கட்டு. முழுப் புத்தகத்தைப் படுத்துக்கொண்டு தூக்க முடியாது. புத்தகத்தைக் கிழிக்க மனசு வராவிட்டால் பாடநூல்கள் பிடிஎஃப்-ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, வேண்டிய பக்கத்தை மட்டும் அச்செடுங்கள். பாடப் புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். 2019-இலிருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு 2023-இல் வந்த மணற்கேணி செயலி நன்றாக இருக்கிறது. ஓ.பி.யில் காத்திருக்கும் நேரத்தில் பாடம் நடத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அந்தச் சத்தத்தில் முடியாது. என் மகள் அங்கே பக்கத்தில் உட்கார்ந்த கொல்கத்தா பையனிடம் ஏக், துயி, தீன் என்று பெங்காலியில் எண்ணக் கற்றுக்கொண்டாள். வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் நிறையத் தங்கும் வேலூர் பாபு ராவ் தெரு போர்டுகளில் இருக்கும் பெங்காலி எழுத்தைப் பார்த்து என்ன எழுதியிருக்கிறது என்று ஊகிப்பதுதான் அவளுக்கு ஒரு வருட விளையாட்டு.

டியூஷன் டீச்சர் வைக்க வசதி இருந்தால் வையுங்கள். அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த ஒரு பெண் உங்கள் தெருவிலேயே இருக்கலாம், எங்களுக்கு அப்படித்தான் ஆள் கிடைத்தது. சேர்க்கும்போதே இரண்டு நிபந்தனை சொல்லிவிடுங்கள். சளி, காய்ச்சல் என்றால் வரவே கூடாது, அன்றைய சம்பளம் பிடிக்கமாட்டோம். பிள்ளை முடியவில்லை என்றால் பாதியில் நிறுத்திவிட வேண்டும், அன்றைக்கும் சம்பளம் உண்டு. பணம் பிடிக்கமாட்டோம் என்று தெளிவாகச் சொன்னால்தான் சளியோடு வரமாட்டார்கள்.

அம்மை விஷயம்

இதைத் தனியாக எழுதுகிறேன், அலட்சியம் செய்யாதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குச் சின்னம்மையும் தட்டம்மையும் ஆபத்து. நம் ஊரில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டுவோம், ஆத்தா வந்திருக்கா என்போம், பள்ளிக்குச் சொல்லமாட்டோம், "ஊருக்குப் போயிருக்கான்" என்போம். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொற்றும் என்பதால், நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இன்று அம்மை என்றால் உங்கள் பிள்ளைக்கு அது செய்தி. அன்றே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், கொப்புளம் வரும்வரை காத்திருக்கக்கூடாது. நான் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லாமல் அந்த வகுப்புத் தாய்மார்கள் நான்கு பேரிடம் நேரில் போய், "யார் வீட்டிலாவது ஆத்தா வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க, வேற யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வருடத்தில் மூன்று போன் வந்தது.

வகுப்போடு தொடர்பு

வாரம் ஒருமுறை வகுப்பாசிரியர் எந்தப் பக்கம் வரை நடத்தினார் என்று வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம் கூட்டாளிகள். ஒரே ஒரு நல்ல தோழியின் அம்மாவைப் பிடித்து, சனிக்கிழமை ஐந்து நிமிடம் வீடியோ கால் போடச் சொல்லுங்கள். பாடம் பேச வேண்டாம். யார் யாரோடு டூ விட்டார்கள், சத்துணவில் முட்டை போட்டார்களா, புது டீச்சர் எப்படி என்பதெல்லாம் தெரிந்தால் போதும். பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் அவள் யாரோ புதுசு மாதிரி நிற்கமாட்டாள்.

பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு

இங்கே கட்டாயத் தேர்ச்சி கிடையாது, வருகைப் பதிவும் பார்ப்பார்கள். மருத்துவச் சான்றை வருடக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொரு அட்மிஷனுக்கும் அப்போதைக்கப்போதே கொடுத்துப் பதிய வையுங்கள். சிபிஎஸ்இ-யில் 75 சதவீதம் வருகை வேண்டும், நோய்க் காரணத்துக்குத் தளர்வு கேட்டுப் பள்ளி மூலமாக விண்ணப்பிக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் அரசுத் தேர்வுகள் இயக்ககம், தகுதி உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுத ஆளும், ஒரு மொழிப் பாட விலக்கும் கொடுக்கிறது. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். தேர்வு எழுதும் மாணவர் பட்டியல் தயாராவதற்குள் கொடுத்துவிட வேண்டும், மார்ச் மாதம் போய் நின்றால் கஷ்டம். தேர்வை எழுதவே முடியாமல் போனாலும் பதற வேண்டாம், ஜூன், ஜூலை வாக்கில் துணைத் தேர்வு இருக்கிறது, அதில் எழுதி அதே வருடம் பதினொன்றாவதில் சேர்ந்தவர்கள் உண்டு.

நாள்தோறும் பள்ளி என்பதே இனி முடியாது என்ற நிலை வந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஒரு வழி. பத்தாவதுக்கு 14 வயது நிரம்ப வேண்டும், ஐந்து பாடம், வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம் என்பதால் நோயாளிப் பிள்ளைக்குத் தோதானது. ஆனால் சேர்வதற்கு முன் அடுத்து எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று யோசித்து, அங்கே இந்தச் சான்றிதழ் செல்லுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பள்ளியில் பெயர் இருக்கும்போது அவசரப்பட்டு இதற்கு மாறுவதை நான் சொல்லமாட்டேன்.

திரும்பப் போகும்போது

டாக்டர் போகலாம் என்ற அன்றே முழு நாள் அனுப்பாதீர்கள். முதல் வாரம் இரண்டு பீரியட், அடுத்த வாரம் மதியம் வரை. பள்ளி ஒத்துக்கொள்ளும், கேட்டால். கீழ்த்தளத்தில் ஜன்னலோரம் இடம், கழிப்பறைக்குக் கேட்காமலே போக அனுமதி, தண்ணீர் பாட்டில் மேசைமேலேயே, வெயில் நேரத்து விளையாட்டுப் பீரியடில் நிழலில் உட்கார அனுமதி. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும். இந்த நான்கையும் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் சப்ஸ்டிடியூட் டீச்சர் வரும் நாளில் தெரியாது.

மொட்டைத் தலை பற்றி நான் ரொம்பப் பயந்தேன். தொப்பி தைத்தேன், விக் விசாரித்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மொட்டை புதுசா என்ன? "திருப்பதி போனியா?" என்று கேட்டார்கள், அவளும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டாள். லட்டு எங்கே என்று கேட்ட ஒருத்திக்காக அடுத்த நாள் கடையில் பூந்தி லட்டு வாங்கிக் கொடுத்தனுப்பினேன். ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு அம்மாக்கள் இடம் மாற்றச் சொன்னதுதான் வலித்தது. அதற்கு வகுப்பாசிரியரே ஒரு நாள் வகுப்பில், இது தொற்று நோய் இல்லை, நம் சளிதான் அவளுக்கு ஒட்டும், அதனால் நாம்தான் கை கழுவ வேண்டும் என்று சொன்னார். அவரிடம் அப்படிச் சொல்லச் சொல்லி முன்னாடியே கேட்டு வைத்திருந்தேன். நீங்களும் கேட்டு வையுங்கள், பிள்ளை திரும்புவதற்கு முந்தின நாளே.